டொரன்டோ ஆலனுக்குப் பதினோரு வரி

புரசைவாக்கம், சென்னை
6.1.2008

புகழ்,

எட்டாவது அத்தியாயத்துக்கு நீ வரைந்த பக்கங்கள் கூரியரில் வந்து சேர்ந்தன. சனிக்கிழமை ஆபீஸில் எல்லோரும் கிளம்பின பிறகு ஸ்கேன் பண்ணி பிளாகில் ஏற்றிவிட்டேன். நம் படக்கதை ‘ஒலிம்பஸ் லெதர்ஸ்’ ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. கிரேக்கத் தேவர்களை ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிக்குள் வேலைக்குச் சேர்த்தால் யார் படிப்பார்கள் என்று கேட்டாயே, நேற்று மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் படித்திருக்கிறார்கள்.

பாராட்டு முடிந்தது. இப்போது சண்டை.

நான்காம் பக்கத்தில் நம் கதாநாயகி ப்ரோக்ரிஸ் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்காருகிறாளே, அந்தப் பாதம் யாருடையது? மூன்று வருஷம் உங்கள் சாம்பிள் ரூமில் முப்பத்தேழாம் சைஸ் ஷூ ஒவ்வொன்றையும் என் காலில்தானே மாட்டிச் சரிபார்த்தீர்கள்? என் கால் எனக்குத் தெரியாதா? இந்தப் பாதத்தில் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். எனக்கு அப்படி இல்லை. ஏழு அத்தியாயம் வரை ப்ரோக்ரிஸுக்கும் அப்படி இல்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தின் ஸ்கிரிப்ட் இத்துடன் வைத்திருக்கிறேன். சரக்கு வாங்க வருகிற இயோஸ் என்கிற வெளிநாட்டு பையர் அம்மாள், ப்ரோக்ரிஸின் புருஷன் கெஃபலஸ் மேல் ஆசைப்பட்டு, அவன் காதில் ஓதுகிறாள். “உன் பெண்டாட்டி உன்னை மட்டும்தான் நினைக்கிறாள்னு எப்படித் தெரியும்? வேற ஆளா போய்ப் பாரு” என்கிறாள். அவனும் வேஷம் போட்டுக்கொண்டு போய் ப்ரோக்ரிஸுக்கு ஆசை காட்டுகிறான். அவள் ஒரே ஒரு நிமிஷம் தயங்குகிறாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கத்துகிறான். பழைய கதையில் உள்ளபடிதான். அவன் முகத்தை மூர்க்கமாகப் போடு.

ஈஸ்டருக்கு வேலூர் போகும்போது அப்பாவிடம் நம்மைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. இனித் தள்ளிப்போட முடியாது. நீ வேறு சாதி, வேறு சாமி. அப்பாவிடம் காட்டுவதற்கு என் கையில் இருப்பது நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த இந்தக் கதை மட்டும்தான். அப்பா வெறும் அப்பா இல்லை, கிருபானந்தம் வாத்தியார், படிப்பு பிடிக்கும். அந்தத் தைரியத்தில்தான் இருக்கிறேன்.

போன் பண்ணாதே. போனில் நீ “ம்... ம்...” என்கிறாய், நான் அழுகிறேன், பேலன்ஸ் தீர்ந்துபோகிறது. எழுது.

தேவகிருபை


மாதனூர்
13.1.2008

கிருபை,

பாதம் நிஷாவுடையதாக இருக்கலாம். நீ சென்னைக்குப் போன பிறகு ட்ரையலுக்கு அவளைத்தான் போட்டிருக்கிறார்கள். ஸ்டிச்சிங்கில் இருந்த பெண், எங்கள் ஊர்தான். நாள் முழுக்க அந்தக் கால்தான் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கைப்பழக்கத்தில் வந்திருக்கும். இதற்கு ஒரு பக்கச் சண்டையா?

பேட்டர்ன் மாஸ்டர் மஹபூப் பாஷா நேற்று என் மேசைக்கு வந்து, “இன்னாப்பா, பேட்டர்ன் வெட்றியா, படம் போடுறியா? பையர் வர்ற நேரம், படத்தைக் கம்மி பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். ஷூவுக்கு அளவு வெட்டுகிற பேட்டர்ன் அட்டையின் பின்பக்கத்தில் உன் கெஃபலஸ் இருந்தான். நல்ல வேளை, திருப்பிப் பார்க்கவில்லை.

ஸ்கிரிப்ட் படித்தேன். கெஃபலஸ் முகத்தை மூர்க்கமாகப் போடச் சொல்கிறாய். அவன் செய்ததில் என்ன தப்பு? சந்தேகம் வந்தது, போய்ப் பார்த்தான். ஏழு மாதத்தில் நீ மூன்று தடவைதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறாய். அங்கே யாரோடு சாப்பிடுகிறாய், யாரோடு சிரிக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஈஸ்டர் விஷயம் சரி. உன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்ப்பார், அதுவும் சரி.

புகழேந்தி


புரசைவாக்கம்
27.1.2008

புகழ்,

கோபமெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படி. டொரன்டோவிலிருந்து ஆலன் என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். உனக்காக அப்படியே எழுதுகிறேன்:

“கதாநாயகியின் பாதம் முதல் அத்தியாயங்களில் இருந்த பாதமில்லை. வரைபவரின் கவனம் வேறெங்கோ இருக்கிறது. ஆனால் எழுதுபவர் ஒரு வாக்கியத்தைக்கூட வீணாக்குவதில்லை. ப்ரோக்ரிஸ் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பக்கத்தை நான்கு தடவை படித்தேன். அவள் மழைக்கு ஒதுங்கவில்லை என்பதை நீங்கள் சொல்லவே இல்லை, ஆனால் தெரிந்தது.”

பார்த்தாயா? கடல் தாண்டி இருக்கிற மனுஷனுக்குக் கால் வித்தியாசம் தெரிகிறது. அந்த மழைப் பக்கத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, புகழ். நீ படித்துவிட்டு “சரி” என்று மட்டும் சொன்னாய். ஆபீஸில் இரண்டு பேருக்கு ஆலன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஹாஸ்டலில் ஒருத்திக்கு. இப்போது உனக்கு. நானும் அவருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் போட்டேன்.

ஒன்பதாம் அத்தியாயம் எப்போது வரும்?

கிருபை


மாதனூர்
3.2.2008

கொஞ்சம் விரிவாகவா? பதினோரு வரி.

ஆம்பூர் ப்ரௌசிங் சென்டரில் இன்று, ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து எண்ணினேன். “வரைபவரின் கவனம் வேறெங்கோ” என்று அவன் சொன்னதற்கு நீ, “மிகச் சரியாகச் சொன்னீர்கள், நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்” என்று எழுதியிருக்கிறாய். ஊரறிய. நம் சண்டையை முந்நூறு பேர் படிக்கிற இடத்தில் கொண்டுபோய் அவன் காலடியில் வைத்திருக்கிறாய்.

“உங்களைப் போல ஒரு வாசகர் போதும்” என்று ஐந்தாவது வரி. அப்படியானால் நான் எதற்கு? ஒரு வருஷமாக விரல் வீங்க வரைகிறேனே, என்னிடம் எப்போதாவது “நீ ஒருத்தன் போதும்” என்று சொல்லியிருக்கிறாயா?

எனக்கு எழுதிய கடிதத்திலும் முக்கால்வாசி அவன்தான். அவன் யார், கறுப்பா சிவப்பா, கல்யாணம் ஆனவனா, எதுவும் தெரியாது. இரண்டு நல்ல வார்த்தை சொன்னான், நீ உருகிவிட்டாய். எனக்கு நெஞ்செரிகிறது, கிருபை. மறைக்க மாட்டேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் பாதி இருக்கிறது. மீதி பிறகு.

புகழேந்தி


புரசைவாக்கம்
17.2.2008

புகழேந்தி அவர்களுக்கு,

நீ அனுப்பிய நான்கு பக்கத்திலும் நிஷாவின் கால். ஒன்றில் கொலுசுகூடப் போட்டிருக்கிறாய். ஸ்கிரிப்டில் கொலுசு கிடையாது. இதுவும் கைப்பழக்கமா?

ஆலனைப் பற்றி நெஞ்செரிகிறது என்கிறாய். அவர் இப்போது ஈமெயிலில் எழுதுகிறார், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வாரம் ஒன்று வரும். நாலு வரிதான் இருக்கும். ஆனால் அந்த நாலு வரிக்கு நான் காத்திருக்கிறேன், அது உண்மை. அவர் கேட்கிறார்: “இந்த வாரம் எந்தப் பக்கம் எழுதினீர்கள்? எழுதும்போது சன்னல் திறந்திருந்ததா?” இப்படி ஒரு கேள்வியை நீ என்னிடம் கேட்டதே இல்லை.

நீ தினமும் அவள் முன்னால் முட்டிபோட்டு, குதிகாலைப் பிடித்து, ஷூ மாட்டி, “இங்க கடிக்குதா, இங்க லூசா இருக்குதா” என்று கேட்கிறாய். எனக்குத் தெரியும், என்னிடமும் அப்படித்தான் கேட்டாய். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தானே நமக்குள் இதெல்லாம் வந்தது? அந்த மூலையில், அந்த ஸ்டூலில். இப்போது அந்த ஸ்டூலில் வேறொருத்தி. ஆலன் என்னை எங்கே தொட்டார், சொல் பார்க்கலாம்.

ஈஸ்டருக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று முன்பு பாடம் பண்ணி வைத்திருந்தேன். இப்போது பாதி மறந்துவிட்டது.

தேவகிருபை


மாதனூர்
2.3.2008

கிருபை,

இனிப் பக்கங்கள் வராது. கெஃபலஸ் கத்துகிற இடம் வரை வரைந்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

நீ ராணிப்பேட்டைக்காரனைக் கட்டிக்கொள், டொரன்டோக்காரனைக் கட்டிக்கொள். யார் குறுக்கே நிற்கிறார்கள்? நன்றாக யோசி. யோசித்துச் சொல். உனக்குத்தான் யோசிக்க நிறைய இருக்கிறதே.

உன் அப்பாவிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

புகழேந்தி


புரசைவாக்கம்
9.3.2008

புகழ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். “யோசித்துச் சொல்” என்கிற இடத்தில் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தையை நான் உனக்கு எழுதவில்லையே. ஆலனுக்குத்தானே எழுதினேன்?

போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு அவர் அனுப்பிய மெயிலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். “முப்பத்தேழு சைஸ் பாதத்தைக்கூட ஒழுங்காக வரையத் தெரியாத ஒருவரோடு ஏன் மாரடிக்கிறீர்கள்? இங்கே எனக்குத் தெரிந்த நல்ல ஓவியர் இருக்கிறார். இப்போது வரைபவரை விட்டுவிட்டு வாருங்கள், நாம் சேர்ந்து செய்யலாம்.” அன்றைக்குப் படித்தபோது கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. ப்ரோக்ரிஸின் கால் சைஸ் என்னவென்று நம் கதையில் ஒரு இடத்திலும் இல்லை. ஹாஸ்டலில் ஒருத்தியின் அக்கா கனடாவில் இருக்கிறாள். கேட்கச் சொன்னேன். அங்கே கடையில் ஆறரை, ஏழு என்றுதான் கேட்பார்களாம். அவளுக்கு முப்பத்தேழு என்றால் என்னவென்றே தெரியவில்லை.

ப்ரோக்ரிஸுக்கு முப்பத்தேழு என்று தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர், புகழ்? சாம்பிள் ரூமில் நாலு பேர். அதில் தமிழில் பிளாக் படிக்கிறவன் ஒருத்தன்.

மெயில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வந்திருக்கிறது. உனக்கு வாராந்திர லீவு. எனக்கு எத்தனை புத்தி!

நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டையே எடுத்து என்மேல் போட்டுப் பார்த்திருக்கிறாய். வெட்கமாக இல்லையா? ஆலனின் நல்ல வார்த்தையைப் படித்துவிட்டு நான் கண்ணாடி பார்த்த நாளெல்லாம் உண்டு. அதையெல்லாம் நீ அங்கே உட்கார்ந்துகொண்டு எண்ணிக்கொண்டிருந்தாய்.

சரி, ஏன் “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுதினேன் என்று கேட்பாய். அதையும் கேள். பிப்ரவரி 23, சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி மாதனூருக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோருக்குள் நின்றுகொண்டு, வளையல் பார்க்கிற மாதிரி ஒரு மணி நேரம் நின்றேன். ஆறே காலுக்கு உங்கள் கம்பெனி பஸ் வந்தது. நிஷா இறங்கினாள். பின்னாலேயே நீ இறங்கினாய், கையில் அவளுடைய சாப்பாட்டுப் பை. அவள் பை என்று எப்படித் தெரியும் என்கிறாயா? நீ நீட்டினாய், அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். என் டிபன் பாக்ஸை ஒருநாளாவது தூக்கியிருக்கிறாயா? கடைக்காரம்மா அஃப்ஸர் ஜஹான், “இன்னாம்மா, ஒண்ணும் புடிக்கலியா? மூஞ்சி இப்டி ஆயிடுச்சே” என்றார். ஒரு டஜன் வளையல் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். எந்தக் கைக்கும் சேராத அளவு.

மறுநாள் ஆலன் மெயில் வந்தது. அந்த வயிற்றெரிச்சலில் எழுதின பதில் அது. நீ சந்தேகப்பட்டு வேஷம் போட்டாய். நான் சந்தேகப்பட்டு ஒளிந்து நின்றேன். இரண்டு பேரில் யார் மட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ ஏழு வாரம் பொய் சொன்னாய், நான் ஒரு சாயங்காலம்.

ஈஸ்டருக்கு இரண்டே வாரம்தான் இருக்கிறது. அப்பாவிடம் நான் யாரைப் பற்றிச் சொல்வது? சொல்லவா, விட்டுவிடவா? இந்தத் தடவை நீ யோசித்துச் சொல்லாதே. உடனே சொல்.

தே.கி.


மாதனூர்
12.3.2008

கிருபை,

ஆமாம், நான்தான்.

முதல் நாள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். கால் மாறிவிட்டது என்று நீ கடிதத்தில் எழுதியதையே உனக்குத் திருப்பி எழுதினேன். தமிழில் டைப் பண்ண எனக்கு வராது. இரண்டு விரலால் அந்த நாலைந்து வரியை அடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நீ சிரிப்பாய், கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ பதினோரு வரி எழுதினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே எழுதின வார்த்தைக்கு நீ அவனுக்கு நன்றி சொல்கிறாய். நிறுத்தியிருக்க வேண்டும், முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவனாகப் போய் உன்னோடு பேசிவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது அவனைத் திட்டிக்கொண்டே வருவேன். என்னைப் போல ஒரு பைத்தியம் இருக்குமா?

மழைப் பக்கத்தை நான்கு தடவை படித்தது பொய் இல்லை. படித்துவிட்டு உன்னிடம் “சரி” என்று சொன்னதும் நான்தான். என் பெயரில் “நன்றாக இருக்கிறது” என்று எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. நீ படித்தவள், வாத்தியார் மகள். நான் ஏதாவது சொல்லி அது தப்பாகப் போனால்? ஆலனுக்கு அந்தப் பயமில்லை. அவன் டொரன்டோவில் இருக்கிறான், தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

நிஷா விஷயம். முதல் தடவை கைப்பழக்கம்தான். அடுத்த நான்கு பக்கமும் வேண்டுமென்றே போட்டேன். கொலுசும் வேண்டுமென்றுதான். உனக்கு எரிய வேண்டும் என்று போட்டேன். எரிந்தது, எனக்கு ஒரு நாள் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பையைப் பற்றி நீ சொன்னது அநியாயம். கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவன் மடியில் நிற்கிறவர்கள் பையை வைப்பார்கள். மூன்று வருஷம் நீயும் அந்த பஸ்ஸில் போனவள், நின்ற நாளில் உன் பை யார் மடியில் இருந்தது என்று நான் கேட்டேனா? அன்றைக்கு என் மடியில் ஐந்து பை இருந்தது. நாலு பேர் முன்னாடியே இறங்கிவிட்டார்கள், மாதனூர் கடைசி. நீ கடைசிப் பையைத்தான் பார்த்தாய். கடை வாசலிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பேனே. எதிர்க் கடையில் நின்றாயாமே. இருபது அடி தூரம்.

உடனே சொல் என்றாய். சொல்லிவிடு, கிருபை. அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல். முன்பு எழுதினது ஆத்திரத்தில் எழுதினது. ராணிப்பேட்டைக்காரன் வீட்டுக்கு நீ போனால் என்னால் தாங்க முடியாது. இதை ஆலன் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கிழித்த பக்கங்களை மறுபடி வரைந்து அனுப்பியிருக்கிறேன். கெஃபலஸ் முகத்தை நீ சொன்னபடி மூர்க்கமாகப் போட வரவில்லை. பயந்துபோன முகமாகத்தான் வந்தது.

புகழேந்தி


வேலூர்
24.3.2008, திங்கள்

புகழ்,

நேற்று ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, வந்தவர்களெல்லாம் போன பிறகு அப்பாவிடம் கதையைக் கொடுத்தேன். ஒன்பது அத்தியாயமும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்திருந்தேன். பின்னூட்டங்களையும் சேர்த்துத்தான், வாசகர்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டாமா? அப்பா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். ஸ்பெல்லிங் தப்பெல்லாம் வட்டம் போட்டார். அவர் முடிக்கட்டும், பிறகு இதை வரைந்தவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று வாசல் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கேட்டார்: “பாப்பா, இந்த டொரன்டோ பையன் ஆலன், இவன் ஒருத்தன்தான் ஒழுங்கா படிச்சுட்டு எழுதியிருக்கான். மரியாத தெரிஞ்ச பையன். பேரைப் பாத்தா நம்ம ஆளுங்கதான். எந்த சபைன்னு விசாரிச்சியா? ராணிப்பேட்டைக்காரங்களுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கலாம்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாம்பிள் ரூம், நீ, ஏழு வாரம், ஃபேன்சி ஸ்டோர், ஒன்றையும் விடவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அப்போ ஆலன்னு யாருமே இல்லியா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் அதையே கேட்டார். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டார். நான் முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று காலையில் டீ குடிக்கும்போது சொன்னார். “நான் சம்மதம்னு சொல்லல. அந்த வேஷம் போட்ட வேலை எனக்குப் புடிக்கல. ஆனா எழுதினவனைப் பாக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லு. என்கிட்ட அவன் ஆலனா பேசட்டும், பாக்கலாம்.”

அதனால் வருகிற ஞாயிறு, 30ஆம் தேதி, வேலூர் வா. பதினோரு மணிக்கு. வாயை மூடிக்கொண்டு “ம்” என்று உட்கார்ந்திருந்தால் அப்பா அடுத்த பஸ்ஸுக்கே அனுப்பிவிடுவார், சொல்லிவிட்டேன்.

இனி நமக்குள் ஒன்று பாக்கி இருக்கிறது. எனக்கு நிஷாமேல் இருந்த பொறாமை போய்விட்டது. அந்த ஐந்து பையைப் படித்ததும் போய்விட்டது. ஆனால் வேறொருத்திமேல் வந்திருக்கிறது, இது போகிற மாதிரி தெரியவில்லை. ஜனவரியிலிருந்து பிப்ரவரி வரை ஒருத்தி இருந்தாள். அவள் எழுதும்போது சன்னல் திறந்திருந்ததா என்று உன் ஒரு மணி நேரத்தைச் செலவு பண்ணி, இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கேட்டாய். அவள் எழுதின ஒரு பக்கத்தை நாலு தடவை படித்ததாகச் சொன்னாய். நானோ உன்னோடு மூன்று வருஷம் ஒரே ரூமில் இருந்தேன், எனக்குக் கிடைத்தது “சரி”. உன்னிடமிருந்து அதையெல்லாம் வாங்கிக்கொண்டவள் நான் இல்லை. உன்னை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி. அவளை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் ஆலனாகப் பேசு. பேசி முடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் வா, நான் அங்கே இருப்பேன். அவளிடம் பேசினது மாதிரி என்னிடம் ஒரு வார்த்தை பேசு, புகழ். என் முகத்தைப் பார்த்து, உன் பெயரில்.

கிருபை